ஆராய்ச்சி மணியும் அபிப்பிராய அளப்பும்

நம் நாட்டின் பழஞ் சரித்திரத்திலே நீதிக்கு இலக்கணமாய் நின்ற மன்னன் எல்லாளன். சோழநாட்டினின்றும் போந்து, அநுராதபுரத்திலே 44 ஆண்டுகள் அரசு புரிந்தவன். அவன் தன் பள்ளிக்கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, அதில் நெடுங்கயிறொன்றைப் பிணைத்து வைத்தான் என்றும், குறையுற்றோர் எவரும் அக்கயிற்றை இழுத்து நியாயங் கேட்கலாம் என்றும் மகாவம்சம் கூறுகின்றது. அவனை வென்ற துட்டகைமுனுவைக் காவிய நாயகனாகக் கொண்ட நூலே அவனுடைய நீதியை மறையாது சொல்லிற்று என்றால், அம்மணியின் ஓசை எத்துணைத் தூரம் கேட்டிருத்தல் வேண்டும்!

ஆயினும் அம்மணியைப் பற்றிச் சிந்திக்குந்தோறும் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கயிற்றை இழுத்தவனுடைய குறை மன்னன் செவிக்கு எட்டிற்று. இழுக்காதவனுடைய குறை என்னாயிற்று? அரண்மனைக்கு வழி தெரியாதவன், தெரிந்தும் வர அஞ்சியவன், வயலை விட்டு ஒரு நாளேனும் அகல முடியாதவன் ஆகிய இவர்களெல்லாம் மனநிறைவோடுதான் வாழ்ந்தார்களா? மணி ஒலிக்கவில்லை என்பதைக்கொண்டு அதனை முடிவு செய்ய இயலாது. இதனை உணர்ந்தே போலும், நம் கதைகளில் வரும் அரசர்கள் மாறுவேடம் பூண்டு இரவிலே நகர்சோதனை செய்தனர். ஆனால் ஒரு வேந்தன் ஓரிரவில் எத்தனை திண்ணைகளின் பேச்சைக் கேட்க முடியும்?

இருபதாம் நூற்றாண்டு இதற்கு ஒரு புதிய வழியைக் கண்டது. குடிகள் வந்து மணியை அடிக்கும்வரை காத்திராமல், குடிகளின் வாயிலுக்கே ஆளனுப்பி, ‘உங்களை ஆள்பவரைப் பற்றி உங்களுக்குத் திருப்தியா, அதிருப்தியா?’ என்று கேட்டு, விடைகளை எண்ணிக் கணக்கிடும் முறையே அது. பொதுசன அபிப்பிராய அளப்பு என்று அதனைக் கூறலாம். அது தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அதன் ஆற்றலையும், அதன் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அரசியலிலே நாளை பங்குகொள்ளப் போகும் வாலிபர்க்கு இவ்வாராய்ச்சி பயனற்றதாகாது என்பது எம் துணிபு.

காற்றில் எறிந்த வைக்கோல்

இம்முறை செழித்து வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே 1824ஆம் ஆண்டிற் சனாதிபதித் தேர்தல் நெருங்கியபோது, பென்சில்வேனியா மாநிலத்துப் பத்திரிகையொன்று, டெலவெயர் மாநிலத்து வில்மிங்ரன் நகரத்தார் சிலரிடம் எடுத்த கணக்கை வெளியிட்டது. அன்றூ ஜாக்சனுக்கு 335 பேர், ஜோன் குயின்சி அடம்சுக்கு 169 பேர், ஹென்றி கிளேக்கு 19 பேர், வில்லியம் குறோவோட்டுக்கு 9 பேர் என்பது அக்கணக்கு. காற்று எத்திசை வீசுகின்றது என்றறிய ஒரு வைக்கோற்றுரும்பை எறிந்து பார்ப்பது போன்றது இது என்ற கருத்திலே, அந்நாட்டார் இதனை ‘வைக்கோல் வாக்கு’ என்று வழங்கினர்.

துரும்பு காட்டிய திசை பிழைக்கவில்லை. தேர்தலிலே ஜாக்சனே அதிக வாக்குகளைப் பெற்றார். ஆயினும் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டாமையால், தெரிவு பிரதிநிதிகள் சபையின் கைக்குச் சென்றது. சபை அடம்சைச் சனாதிபதி ஆக்கிற்று. மக்களின் விருப்பம் இன்னதென்று அறிவது வேறு, அது நிறைவேறுவது வேறு என்னும் பாடம் இவ்வாறு முதல் அளப்பிலேயே பொதிந்து கிடக்கின்றது.

இருபது இலட்சம் விடைகளும் ஒரு பெருந்தவறும்

அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் பத்திரிகைகள் பலவும் இத்தகைய கணக்குகளை எடுத்து வந்தன. அவற்றுட் புகழ் பெற்றது ‘லிற்றறரி டைஜெஸ்ற்’ என்னும் வார சஞ்சிகை. 1920 முதல் 1932 வரை நடந்த சனாதிபதித் தேர்தல்கள் நான்கிலும் வெல்பவர் யார் என்பதை அது சரியாகவே சொல்லியிருந்தது. 1936ஆம் ஆண்டில், சனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற்றை எதிர்த்து அல்பிரட் லான்டன் போட்டியிட்டபோது, அச்சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்கட்டைகளைத் தபாலில் அனுப்பிற்று. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடை எழுதினர். அத்தனை பேரைக் கேட்ட பின்னர் பிழை நேர இடமேது? லான்டனே பெருவெற்றி பெறுவார் என்று சஞ்சிகை அறிவித்தது.

நடந்தது வேறு. அப்போதிருந்த 48 மாநிலங்களுள் 46இல் றூஸ்வெல்ற் வென்றார். நூற்றுக்கு 60க்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கே விழுந்தன. லான்டனுக்கு எஞ்சியவை மேயின், வேர்மொன்ற் என்னும் இரு சிறு மாநிலங்களே. ஈராண்டு கழியுமுன் அச்சஞ்சிகையும் மறைந்து போயிற்று.

தவறு எங்கே நேர்ந்தது? சஞ்சிகை தன் அட்டைகளை அனுப்புதற்குத் தொலைபேசி வைத்திருந்தோர் பட்டியலையும், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பட்டியலையுமே பெரிதும் நம்பிற்று. அக்காலமோ பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். வேலையிழந்து நிவாரண வரிசையில் நின்றவன் வீட்டிலே தொலைபேசி ஏது? வாசலிலே மோட்டார் வண்டி ஏது? றூஸ்வெல்ற்றின் புதுத்திட்டத்தால் உயிர்த்தவன் எவனோ, அவனே அப்பட்டியலில் இடம்பெறாது போனான். அன்றியும், அட்டை கிடைத்தவர்களுள்ளும் நாலிலொரு பங்கினரே விடை அனுப்பினர். ஆட்சியின் மேற் சினம் கொண்டோர் முந்தி எழுதினர். மனநிறைவு கொண்டோர் பலர் வாளாவிருந்தனர். தொகை பெரிதாயிருந்தது, ஆனால் அது மக்களின் சாயலாக இல்லை.

இத்தவறு நிகழுமென்று முன்கூட்டியே சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் ஜோர்ஜ் கலப். அயோவா மாநிலத்திலே 1901இற் பிறந்தவர். பத்திரிகைகளின் எப்பகுதியை வாசகர் விரும்பிப் படிக்கின்றனர் என்பதை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 1932இல் அவருடைய மாமியார் அயோவா மாநிலச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றபோது, தேர்தல் ஆராய்ச்சியிலே அவர் கருத்துச் சென்றது. 1935இற் பொதுசன அபிப்பிராயத்துக்கென ஒரு நிறுவனத்தைத் தாபித்த அவர், 1936இல் மிகச் சிறிய தொகையினரை மட்டும் தேர்ந்து வினவி, றூஸ்வெல்ற்றே வெல்வார் என்றார். அதனோடு நில்லாது, டைஜெஸ்ற் தன் அட்டைகளை அனுப்புமுன்னரே, அதன் முடிவு எந்த அளவிற்குப் பிழைபடும் என்பதையும் கணித்து வெளியிட்டார். இருபது இலட்சத்தை ஒரு சிறு தொகை வென்ற அந்த ஆண்டே அபிப்பிராய அளப்பு ஒரு கலையாகப் பிறந்த ஆண்டு எனலாம்.

கூழும் அகப்பையும்

ஒரு சிலரைக் கேட்டு ஒரு நாட்டின் மனத்தை அறிவது எங்ஙனம் என்று அன்பர்கள் வினவலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் பழமொழி. ஆனால் மக்கட் சமுதாயம் சோற்றுப் பானை அன்று. அது நம் ஊர் ஒடியற் கூழ் போன்றது. மீனும் நண்டும் மரவள்ளியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அதில் உண்டு. கனத்தவை அடியிற் கிடக்கும். தெளிவு மேலே நிற்கும். மேலாக ஓர் அகப்பை அள்ளிச் சுவைத்தவன் கூழின் சுவையை அறியமாட்டான். அடிவரை கலக்கி அள்ளினால் ஓர் அகப்பையே போதும். பானை பெரிதானாலும் சிறிதானாலும் அகப்பையின் அளவு பெருக வேண்டியதில்லை.

புள்ளிவிபர சாத்திரமும் இதனையே கூறுகின்றது. நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருக்குமாறு, திருவுளச்சீட்டுப் போன்ற முறையினால் ஓராயிரம் பேரைத் தெரிந்தெடுத்து வினவினால், வரும் விடை பெரும்பாலும் உண்மைக்கு நூற்றுக்கு 3 கூடியோ குறைந்தோ நிற்கும். நாட்டின் சனத்தொகை இரண்டு கோடியாயினும் முப்பது கோடியாயினும் இக்கணக்கில் மிகுந்த வேறுபாடில்லை. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைக் காட்டிலும் எவரெவரைக் கேட்டோம் என்பதே பெரிது.

இவ்வுண்மையைக் கலப் தாமும் ஒரு முறை அடிபட்டே கற்றார். 1948ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோமஸ் டூவி வெல்வார், சனாதிபதி ஹரி ட்றூமன் தோற்பார் என்று அவர் நிறுவனமும் ஏனைய நிறுவனங்களும் ஒருமுகமாகக் கூறின. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னரே வினவுதலை நிறுத்திவிட்டமை ஒரு பிழை. ஆண் இத்தனை பேர், பெண் இத்தனை பேர், செல்வர் இத்தனை பேர், ஏழை இத்தனை பேர் எனப் பங்கு வகுத்து, அப்பங்குக்குரியவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை வினவச் சென்றவரிடமே விட்டமை மற்றொரு பிழை. வினவச் சென்றவரும் மனிதரே ஆகையால், நாய் குரைக்காத வீட்டையும் நன்கு உடுத்த மனிதரையுமே நாடினர். ட்றூமன் வென்றார். டூவி வென்றார் என்று அவசரப்பட்டு அச்சிட்ட சிக்காகோப் பத்திரிகையை அவர் கையிலே தூக்கிப் பிடித்துச் சிரித்த படம் உலகப் பிரசித்தமாயிற்று. அதன் பின்னரே திருவுளச்சீட்டு முறைத் தெரிவு அளப்பாளரிடையே வேரூன்றலாயிற்று.

தலைவர் மீது திருப்தி

தேர்தல் நான்கு ஆண்டுக்கொருமுறை வருவது. இடைப்பட்ட நாட்களில் மக்களின் மனம் எவ்வாறிருக்கின்றது? இதனை அறியவே, ‘சனாதிபதி தம் கடமையை ஆற்றும் முறையை நீங்கள் அங்கீகரிக்கின்றீர்களா, இல்லையா?’ என்னும் வினாவை றூஸ்வெல்ற் காலம் முதலாகக் கலப் நிறுவனம் கேட்கத் தொடங்கிற்று. ட்றூமன் காலமளவில் வினாவின் வாசகம் நிலைபெற்றது. ஒரே வினாவைப் பல பத்தாண்டுகள் மாற்றாது கேட்டமையால், ஒரு தலைவரை மற்றொரு தலைவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் கிடைத்தது.

அவ்வளவுகோல் காட்டிய ஏற்ற இறக்கங்கள் வியப்புக்குரியவை. றூஸ்வெல்ற் இறந்து ட்றூமன் பதவியேற்ற 1945இல் நூற்றுக்கு 87 பேர் ட்றூமனை அங்கீகரித்தனர். 1952ஆம் ஆண்டு பெப்ரவரியிலோ அங்கீகரித்தோர் நூற்றுக்கு 22 பேர் மாத்திரமே. கொரியப் போர் முடிவின்றி நீண்டது; மக்களாற் போற்றப்பட்ட படைத்தலைவர் மக்ஆதரை அவர் 1951இற் பதவி நீக்கியமை பெருஞ் சினத்தை மூட்டியது. றிச்சாட் நிக்சன் 1973 சனவரியில் நூற்றுக்கு 67 பெற்றிருந்தார். வாட்டகேற் ஊழல் வெளிவர, 1974 ஓகஸ்ற்றிலே 24க்கு இறங்கிப் பதவி துறந்தார். மூத்த ஜோர்ஜ் புஷ் 1991இல் வளைகுடாப் போரில் வென்றபோது நூற்றுக்கு 89 பெற்றார். மறு ஆண்டுத் தேர்தலிலே தோற்றார். அவர் மைந்தர் இளைய புஷ் 2001 செப்டெம்பரில் நூற்றுக்கு 90 பெற்று, 2008இல் 25க்கு வீழ்ந்தார்.

ஈண்டு ஒன்று கவனிக்கத் தக்கது. போரும் பேரிடரும் வந்தபோதெல்லாம் இவ்வெண் திடீரென உயர்கின்றது. 1961 ஏப்ரிலிற் கியூபாவின் பன்றிக் குடாவிலே அமெரிக்க உதவியோடு இறங்கிய படை படுதோல்வியுற்றது. அத்தோல்விக்குப் பொறுப்பேற்ற சனாதிபதி கெனடியின் எண் தாழ்ந்திருத்தல் வேண்டுமன்றோ? அது நூற்றுக்கு 83ஆக உயர்ந்தது! ஆபத்து வேளையிலே கொடியைச் சுற்றித் திரளும் மனப்பாங்கு இதுவென்று ஜோன் மியுலர் என்னும் அறிஞர் 1970இல் விளக்கினார். ஆகவே உயர்ந்த எண் எப்பொழுதும் நல்லாட்சிக்குச் சான்றாகாது. அச்சத்திலே பிறந்த திருப்தியும் ஏட்டிலே திருப்தி என்றே பதிவாகும்.

பிரித்தானியாவிலும் இத்தகைய அளப்பு 1937 முதல் நடைபெற்றது. சேம்பர்லேன் பிரதம மந்திரியாயிருந்த காலத்திலேயே அவர்மீது திருப்தியா என்று மக்கள் வினவப்பட்டனர். 1945 மே மாதத்திலே, போரை வென்று தந்த சேர்ச்சிலை நூற்றுக்கு 83 பேர் அங்கீகரித்தனர். ஆனால் யூலையிலே நடந்த பொதுத் தேர்தலில் அவர் கட்சி வீழ்ந்தது; தொழிற் கட்சி 393 ஆசனங்களைப் பெற்று அரசமைத்தது. வாக்கு எக்கட்சிக்கு என்று கேட்ட அளப்பு தொழிற் கட்சியின் முதன்மையைத் தேர்தலுக்கு முன்னரே காட்டியிருந்தும், சேர்ச்சிலின் புகழொளியிலே கண் கூசியோர் அதனை நம்பவில்லை. போருக்கு வேண்டிய தலைவர் வேறு, வீடும் வைத்தியமும் வேலையும் தரவேண்டிய அரசு வேறு என்று குடிமகன் தன்னுள்ளே தெளிவாகவே பிரித்து வைத்திருந்தான். தன்னிடம் என்ன கேட்கப்பட்டதோ அதற்கே அவன் விடை சொன்னான்.

சபை தீது, எம் அங்கத்தவர் நல்லவர்

சட்டமியற்றும் சபையைப் பற்றிய அளப்பு இன்னும் சுவையானது. அமெரிக்கக் காங்கிரஸ் சபையை அங்கீகரிக்கின்றீர்களா என்ற வினாவைக் கலப் நிறுவனம் 1974 முதற் கேட்டு வந்தது. 2001 ஒக்ரோபரில் நூற்றுக்கு 84 என உயர்ந்த அவ்வெண், 2013 நவெம்பரில் நூற்றுக்கு 9 எனத் தாழ்ந்தது. அதற்கு முந்திய மாதத்திலேதான் வரவு செலவுத் தகராறினால் அந்நாட்டு அரசாங்கக் கருமங்கள் 16 நாட்கள் முடங்கிக் கிடந்தன.

பத்துப் பேரில் ஒருவர்தானும் மெச்சாத சபை அடுத்த தேர்தலில் அடியோடு மாறியிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். 2014இல் நடந்தது என்ன? பிரதிநிதிகள் சபையில் இருந்து மீண்டும் போட்டியிட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் திரும்பத் தெரிவு செய்யப்பட்டனர்! இப்புதிரை 1970களிலேயே றிச்சாட் பென்னோ என்னும் அரசியலறிஞர் எடுத்துக்காட்டியிருந்தார். மக்கள் சபையை வெறுக்கின்றனர்; தத்தம் அங்கத்தவரையோ விரும்புகின்றனர். அங்கத்தவரும் தொகுதிக்கு வந்து, ‘சபை கெட்டது, நான் அதனோடு போராடுகின்றேன்’ என்று சொல்லியே வாக்குக் கேட்கின்றனர்.

இம்மனப்பாங்கை விளங்கிக்கொள்ள நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்க வருபவர், செத்த வீட்டுக்கு முன்னதாக வந்து நிற்பவர், வாசிகசாலைக்கு ஓர் அலுமாரி வாங்கித் தந்தவர் ஆகியவர்மீது நமக்கு மனத்தாங்கல் எப்படி உண்டாகும்? சபையிலே அவர் எந்த மசோதாவுக்குக் கை உயர்த்தினார் என்று நாம் கேட்பதில்லை. எல்லோருடைய அங்கத்தவரும் நல்லவராய் இருக்க, அவர்கள் கூடிய சபை மட்டும் தீயதாவது எவ்வாறு? அளப்பு நமக்கு எதிரே பிடிக்கும் இக்கண்ணாடியிலே தெரிவது அரசியல்வாதியின் முகம் மட்டுமன்று, நம் முகமுந்தான்.

விடை சொல்லும் வாய்

திருப்தி என்பதை அளப்பது நெல்லை மரைக்காலால் அளப்பது போன்றதன்று. வினாவின் ஒரு சொல் மாற விடையும் மாறும். தெரியாததைத் தெரியாதென்று சொல்ல மனிதர் நாணுவர். அமெரிக்காவின் சின்சினாற்றி நகர்ப் பகுதியிலே ஆய்வாளர் சிலர், ‘1975ஆம் ஆண்டுப் பொதுக் கருமச் சட்டம்’ பற்றி மக்களின் கருத்தைக் கேட்டனர். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் அதனை ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துரைத்தனர். அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை!

இதனினும் பெரிய இடர் அச்சம். அயலவர் எண்ணத்துக்கு மாறான எண்ணம் உடையவன் வாய் மூடிக்கொள்வான். அவன் மூட மூட, எதிர்க் கருத்தே ஊர்க் கருத்துப் போலத் தோன்றும். அதனால் மேலும் பலர் வாய் மூடுவர். இம்மௌனச் சுழலைப் பற்றி ஜேர்மன் நாட்டு அளப்பாளர் எலிசபெத் நொயல் நொய்மான் 1970களில் எழுதினார். வினவ வந்தவர் யார் அனுப்பிய ஆளோ என்று ஐயுறும் நாட்டிலே, ‘திருப்தி’ என்ற விடைக்கு என்ன பொருள் கொள்வது? சொல்லச் சுதந்திரம் உள்ள இடத்திலேதான் கேட்பதற்குப் பயன் உண்டு.

கேட்கப்படாதோர்

யாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்துக்கு இனி வருவோம். மணிக்கயிற்றை இழுக்க இயலாதவனையும் தேடிச் செல்வதே அளப்பின் சிறப்பு என்றோம். அஃது உண்மையில் அவ்வாறு சென்றதா?

அமெரிக்காவின் ஆரம்ப அளப்புகள் வாக்களிக்கும் மக்களையே தம் மாதிரிக்கு அளவாகக் கொண்டன. அந்நாட்டின் தென் மாநிலங்களிலே கறுப்பின மக்கள் பல்வேறு சூழ்ச்சிகளால் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். வாக்கில்லாதவனை எதற்குக் கேட்பது என்ற கணக்கிலே அவர்கள் அளப்பிலும் மிகக் குறைவாகவே இடம்பெற்றனர். எனவே ‘அமெரிக்க மக்கள் இவ்வாறு கருதுகின்றனர்’ என்று அக்காலத்திலே அச்சிடப்பட்ட எண்களிலே, மிகக் கொடிய குறையுடையோரின் குரல் அடங்கவில்லை. தேர்தலிலே இழைக்கப்பட்ட அநீதி கணக்கிலும் தொடர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. எந்த மாதிரித் தெரிவுக்கும் அத்திவாரம் குடிசன மதிப்பீடு. இலங்கை முழுவதற்குமான மதிப்பீடு 1981இல் நடந்தது. 1991இல் நடக்க வேண்டியது நடக்கவே இல்லை. 2001இல் நடந்தது 18 மாவட்டங்களிலேயே முற்றுப்பெற்றது; யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களிலே முற்றுப்பெறவில்லை. மீண்டும் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இலே தான். 31 ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தான் ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகும் காலம் அது. அக்காலத்திலே கொழும்பில் அபிப்பிராய அளப்பு வளராமல் இருக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1999இல் அதற்கென ஒரு பிரிவையே அமைத்தது. ஆயினும் போர் நிலவிய வடக்கு கிழக்குப் பகுதிகளுக்கு வினவுவோர் செல்ல இயலாமையால், நாடளாவிய அளப்புகள் பல அப்பகுதிகளை விட்டே நடந்தன. ஆய்வாளர் அதனைத் தம் அறிக்கையிலே குறித்துத்தான் வைத்தனர். குறிப்பைப் படிப்போர் சிலர்; தலைப்பிலுள்ள எண்ணைப் படிப்போர் பலர். அடியில் கிடந்ததைக் கலக்காமல் அள்ளிய அகப்பையின் சுவையே கூழின் சுவை என்று நின்றது.

அளப்பு உரிய முறையிலே நடந்தால் எத்துணை ஆற்றல் உடையது என்பதையும் இந்நாடே கண்டது. 2022ஆம் ஆண்டிலே கொழும்பிலுள்ள வெரிட்டே ஆய்வு நிறுவனம் அரசாங்கத்தை மக்கள் அங்கீகரிக்கின்றனரா என்று வினவிற்று. சனவரியில் அங்கீகரித்தோர் நூற்றுக்கு 10. எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் நாட்டை வாட்டிய யூனிலே நூற்றுக்கு 3. யூலை 9ஆந் திகதி மக்கள் வெள்ளம் சனாதிபதி மாளிகையுட் புகுந்தது. அதே மாதத்திலே சனாதிபதி நாட்டை விட்டகன்று பதவி துறந்தார். மணி பல மாதங்களாக ஒலித்துக்கொண்டே இருந்தது. தலைமாட்டிலே கேட்டவர் இல்லை.

கேட்டவர் செய்ய வேண்டியது

கேட்டாயிற்று, சரியான முறையிலேயே கேட்டாயிற்று. இனி அவ்வெண்ணுக்கு அரசன் அடிபணிய வேண்டுமா? இஃது எளிய வினா அன்று. உத்தர காண்டத்திலே, நகரத்தார் என்ன பேசுகின்றனர் என்று இராமபிரான் வினவுகின்றார். சீதாபிராட்டியைப் பற்றி ஊரார் கூறும் பழிச்சொல் அவர் செவிக்கு எட்டுகின்றது. அச்சொல்லுக்காகக் குற்றமற்ற தேவி கானகம் ஏகுகின்றாள். அச்செயலின் தருமத்தை நிறுத்துப் பார்ப்பது எம் தகுதிக்கு உட்பட்டதன்று. ஆனால் ஊர்ப்பேச்சு முழுவதும் ஒருமித்து நின்றாலும் அது உண்மையாகிவிடாது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரோடு நமக்குக் கற்பித்து வருவது அக்கதை.

வரலாறும் அதற்குச் சான்று பகரும். நூற்றுக்கு 22 என்ற எண் வரை தாழ்ந்து, மக்களின் வெறுப்புக்கு ஆளானவர் ட்றூமன். கலப் நிறுவனம் எந்தச் சனாதிபதிக்கும் பதிவு செய்ததிற் குறைந்த எண் அதுவே. அவரே படைகளிலே நிறவேற்றுமையை ஒழிக்க 1948இற் கட்டளையிட்டவர். போரால் நொந்த ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்திய மார்ஷல் திட்டத்துக்கு ஒப்பமிட்டவர். அணுவாயுத யுகத்திலே போரை முடிவு செய்யவேண்டியவர் சீருடையணிந்த தளபதி அல்லர், மக்களாற் தெரிவு செய்யப்பட்டவரே என்பதை நிலைநாட்டியவர். பிற்கால வரலாற்றாசிரியர் பலரும் அவரை முன்வரிசைச் சனாதிபதிகளுள் ஒருவராக வைத்தனர். மாட்டின் லூதர் கிங்கைப் பற்றிக் கலப் நிறுவனம் 1966இற் கேட்டபோது, நூற்றுக்கு 63 பேர் அவரைப் பற்றி நல்லெண்ணம் இல்லை என்றனர். இன்று அவர் பிறந்த நாள் அந்நாட்டின் விடுமுறை நாள். பெரும்பான்மையினரின் அதிருப்தி ஒருவனுடைய நியாயத்தைச் சிறிதும் குறைப்பதில்லை. அவர்களின் திருப்தி ஒரு தலைவனுடைய அநியாயத்தை நியாயமாக்குவதும் இல்லை.

அவ்வாறாயின் இவ்வெண்களாற் பயன் என்ன? வைத்தியன் நாடி பார்க்கின்றான். நாடி நோயைச் சொல்லும், மருந்தைச் சொல்லாது. ஆயினும் நாடி பாராமல் மருந்து கொடுப்பவனை நாம் வைத்தியன் என்று சொல்வதில்லை. குடிகளின் மனத்தை அறியாமல் ஆள்பவன் குருடன். அறிந்தபின் அதற்கு வெறுமனே தலையாட்டுபவன் தலைவன் அல்லன். அறிந்து, நியாயம் எது என்று ஆய்ந்து, குடிகளின் விருப்பத்தோடு அது மாறுபடுமாயின் அவர்முன் சென்று எடுத்துரைத்து, அதற்குரிய விலையையும் கொடுக்க ஆயத்தமாய் இருப்பவனே தலைவன்.

எல்லாளனுடைய மணியின் பெருமை அதன் ஓசையில் இல்லை. அதனைக் கட்டியவன் அரசனே; தன் உறக்கத்தைக் கலைக்கும் உரிமையைத் தன் பகைவனுக்கும் ஏழைக்கும் தானே கொடுத்தான். கன்றை இழந்த பசு அக்கயிற்றை இழுத்தபோது, குற்றவாளி தன் மகன் என்று தெரிந்தும் அவன் நியாயத்தினின்று வழுவவில்லை. கேட்கும் காது, எவரையும் விலக்காத கயிறு, நியாயத்தை நாடும் நெஞ்சு ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கு கூடியிருந்தன. இக்காலத்து அளப்பு முதலாவதைத் தந்திருக்கின்றது. இரண்டாவதை அரைகுறையாகவே தந்திருக்கின்றது. மூன்றாவதை எந்தக் கணக்கும் தர இயலாது.

ஆதலின் வாலிப அன்பர்களே! நாளை ஒருவர் வந்து, ‘உம்மை ஆள்வோர்மீது உமக்குத் திருப்தியா?’ என்று வினவினால், அயலவரைப் பார்த்து விடை சொல்லாது உம் நெஞ்சைப் பார்த்துச் சொல்லுக. நாடு இவ்வாறு கருதுகின்றது என்று ஓர் எண்ணைப் பத்திரிகையிற் கண்டால், எவரைக் கேட்டார்கள், எவரைக் கேட்கவில்லை என்று முதலில் ஆராய்க. உம் ஊரிலே, உம் சங்கத்திலே, உம் வீட்டிலேயே கேட்கப்படாத ஒருவர் உளரா என்றும் நோக்குக. அவரிடம் சென்று கேட்பதே எவரும் இன்றே தொடங்கத்தக்க அளப்பாகும்.